அறுநூறு படங்களும் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் டெக்னிக்கல். ஆனா ஆரம்பிக்கிறது ஒரு போட்டோ ஸ்டூடியோவுல.

எங்க தாத்தா கும்பகோணத்துல ஸ்டூடியோ வெச்சிருந்தார். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், எல்லாம்தான். அவர் போனதுக்கு அப்புறம் நெகட்டிவ் எல்லாம் ஆறு தகரப் பெட்டியில எங்க சென்னை வீட்டுக்கு வந்து, பரண்மேல பத்து வருஷம் கிடந்தது. ஒருநாள் திறந்து பார்த்தா பாதிக்குப் பூஞ்சை பிடிச்சிருக்கு. சரி, இதைக் காப்பாத்தணும்னு ஒரு ஸ்கேனர் வாங்கினேன். ரெண்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமைன்னா இதே வேலை. ஒரு நாளைக்கு நாற்பது படம். மொத்தம் 4,100 படங்கள். ஒவ்வொன்னும் சுமார் 80 எம்பி. எல்லாத்தையும் ஒரே ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்ல போட்டு வெச்சேன்.

அம்மா கேட்டாங்க, "ஸ்கேன் பண்ணியாச்சுல்ல, இந்தப் பூஞ்சை பிடிச்சதை எல்லாம் போட்டுடலாமாடா? வீடு பூரா நாறுது."

"போட்டுடும்மா, அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே"ன்னு சொன்னது நான்தான்.

போன வருஷம் ஜூலையில அந்த டிஸ்க் மேஜையில இருந்து கீழே விழுந்தது. இரண்டரை அடி உயரம்தான் இருக்கும். செருகினா டிக், டிக்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். டேட்டா ரெகவரி பண்ற ஒரு இடத்துல கொடுத்து, 42,000 ரூபாய் செலவு பண்ணி, மூணு வாரம் காத்திருந்து, 2,600 படம் திரும்ப வந்தது. ஃபைல் பேர் எதுவும் இல்லை, வெறும் நம்பர்கள். வராத 1,500-ல, 900-க்கு நெகட்டிவ் இன்னும் பெட்டியில இருக்கு. திரும்ப ஸ்கேன் பண்ணிடலாம். மிச்சம் அறுநூறு? அது நான் "போட்டுடும்மா"ன்னு சொன்ன பூஞ்சை பிடிச்ச பெட்டி. அது இனிமே எங்கேயும் இல்லை.

ஆகஸ்ட்ல கும்பகோணத்துல இருந்து ஒரு அக்கா போன் பண்ணாங்க. அவங்க அப்பா அம்மா கல்யாணத்தைத் தாத்தாதான் எடுத்தாராம், 1974-ல. வீட்டுல இருந்த ஆல்பம் மழையில போயிடுச்சு. "தம்பி, உங்ககிட்ட நெகட்டிவ் இருக்குன்னு சொன்னாங்க"ன்னு கேட்டாங்க. அந்தப் படம் எனக்கு ஞாபகம் இருந்தது. பொண்ணு கையில இருந்த மாலை கேமராவுக்கு ஃபோகஸ் ஆகி, மாப்பிள்ளை முகம் லேசா மங்கலா இருக்கும். நானே ஸ்கேன் பண்ணினது. அவங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. "இல்லக்கா, போயிடுச்சு"ன்னு சொன்னேன். எப்படிப் போச்சுன்னு சொல்லலை.

அன்னைக்குத்தான் வீட்டுக்கு ஒழுங்கா ஒரு ஃபைல் சர்வர் வைக்கணும்னு முடிவு பண்ணேன். என்ன கம்ப்யூட்டர் வாங்கினேன், ஏன் மத்ததை வாங்கலை, எங்கெங்க சொதப்பினேன், அதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

முதல்ல, இந்த மெஷினுக்கு என்ன வேலை?

ஃபைல் சர்வர்னா பெருசா ஏதோன்னு நினைச்சுக்காதீங்க. வீட்டுல ஒரு மூலையில எப்பவும் ஆன்ல இருக்கிற ஒரு கம்ப்யூட்டர். அதுல ஒரு பெரிய டிஸ்க். வீட்டுல இருக்கிற லேப்டாப், போன், டிவி எல்லாம் அதே நெட்வொர்க் வழியா அந்த டிஸ்கைப் பார்க்கும். அவ்வளவுதான்.

நாம எல்லாரும் பண்ற முதல் தப்பு, ப்ராசசரைப் பார்க்கிறது. கேமிங்குக்கு வாங்கிப் பழகின கண்ணு அப்படித்தான் போகும். ஆனா நாலு பேர் இருக்கிற வீட்டுல ஃபைலை எடுத்துக் கொடுக்கிற வேலைக்குப் பத்து வருஷப் பழைய ப்ராசசரே அதிகம். வேகத்தைத் தீர்மானிக்கிறது நெட்வொர்க்தான். கணக்குப் பாருங்க. கிகாபிட் போர்ட்னா ஒரு நொடிக்கு 1,000 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். எட்டால வகுத்தா 125 மெகாபைட். நடைமுறையில 110 கிடைக்கும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கே அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கும். அதனால ஃபைல் கொடுக்கிறதுக்கு மட்டும்னா, விலை அதிகமான ப்ராசசருக்கு நீங்க கொடுக்கிற காசு கேபிளைத் தாண்டி வெளியே வரவே வராது.

அப்போ நான் பார்த்தது அஞ்சு விஷயம். ஒண்ணு, கிகாபிட் நெட்வொர்க் போர்ட் இருக்கா. ரெண்டு, டிஸ்கை நம்பி இணைக்க ஒரு வழி இருக்கா, உள்ளே சாட்டா அல்லது வெளியே யூஎஸ்பி 3. மூணு, சும்மா இருக்கும்போது எத்தனை வாட் குடிக்கும். நாலு, கரண்ட் போயிட்டு வந்தா தானா எழுந்துக்குமா. அஞ்சு, ஹால்ல வெச்சா சத்தம் போடுமா.

கரண்ட் பில் கணக்கு

மூணாவது விஷயத்தைக் கொஞ்சம் விரிவா சொல்றேன். ஏன்னா சர்வர் 24 மணி நேரமும் ஓடும்.

எங்க வீட்டுலயே ஒரு பழைய டவர் கம்ப்யூட்டர் இருந்தது. இலவசம்! அதையே வெச்சுக்கலாமேன்னுதான் முதல்ல நினைச்சேன். ஒரு பவர் மீட்டர் பிளக் வாங்கி அளந்து பார்த்தா, சும்மா இருக்கும்போதே 50 வாட். ஒரு நாளைக்கு 1.2 யூனிட். தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில். அறுபது நாளைக்கு 72 யூனிட்.

72 யூனிட் என்ன பெருசான்னு கேட்கலாம். எங்க வீட்டுல ரெண்டு மாசத்துக்கு ஏற்கெனவே சுமார் 460 ஓடுது. 72 சேர்ந்தா 532. இங்க வீட்டு இணைப்புக்கு 500-ஐத் தாண்டினா, மேல போன யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுறது இல்லை, கீழே இருக்கிற யூனிட்டுக்கே ரேட் மாறிடும். அதாவது அந்த ஓசி கம்ப்யூட்டர் மொத்த பில்லையும் அடுத்த படிக்குத் தள்ளிவிடும். 15 வாட் குடிக்கிற ஒரு சின்ன மெஷின்னா அறுபது நாளைக்கு 22 யூனிட் கிட்ட. 460 பிளஸ் 22, 482. தப்பிச்சோம்.

உங்க வீட்டுக் கணக்கு வேற மாதிரி இருக்கும். ஆனா பில்லை எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. ஓசியில கிடைச்ச மெஷின் எப்பவும் ஓசி இல்லை.

நாலு வழி, ஒவ்வொன்னுலயும் ஒரு சிக்கல்

டவரைத் தள்ளி வெச்சாச்சு. மிச்சம் நாலு வழி இருந்தது.

முதல் வழி, பழைய லேப்டாப். நேர்மையா சொன்னா, காசே இல்லாதவங்களுக்கு இதுதான் நல்ல வழி. கரண்ட் கம்மியா எடுக்கும். பேட்டரி இருக்கிறதால கரண்ட் போனாலும் அணையாது, கூடவே ஒரு யுபிஎஸ் பிறந்த மாதிரி. ஆனா ரெண்டு விஷயம் பாருங்க. மூடியை மூடினா தூங்கப் போயிடும், அந்த செட்டிங்கை மாத்தணும். பேட்டரி உப்பியிருந்தா, டச்பேட் லேசா மேல தூக்கின மாதிரி இருந்தா, அதை ஓட விடவே கூடாது. நாள் முழுக்க சார்ஜ்ல கிடக்கிற பழைய பேட்டரி விளையாட்டு இல்லை. எங்க வீட்டு லேப்டாப்ல டச்பேட் தூக்கியிருந்தது. அதோட அந்தக் கதை முடிஞ்சது.

ரெண்டாவது, ராஸ்பெர்ரி பை. எனக்கும் பிடிச்ச பொருள்தான். 2019-ல வந்த பை 4-லயிருந்து முழு கிகாபிட் போர்ட், யூஎஸ்பி 3 எல்லாம் இருக்கு. அதுக்கு முன்னாடி வந்த 3 வரிசையில நெட்வொர்க்கும் யூஎஸ்பியும் ஒரே யூஎஸ்பி 2 பாதையைப் பங்கு போட்டுக்கும். அதை யாராவது சும்மா கொடுத்தாக்கூட இந்த வேலைக்கு வேண்டாம். ஆனா பை 4, பை 5-ல சிக்கல் வேற. போர்டு விலையை மட்டும் பார்க்காதீங்க. அதோட அடாப்டர், கேஸ், மெமரி கார்டு, டிஸ்க் போடற பெட்டி எல்லாம் சேர்த்துக் கூட்டுங்க. அப்புறம் மின்சாரம். பை 4-ல இருக்கிற எல்லா யூஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து கொடுக்கிறது 1.2 ஆம்பியர்தான். ரெண்டு போர்ட்டபிள் டிஸ்கை அதுல நேரா செருகினா, எழுதுற நேரத்துல டிஸ்க் திடீர்னு காணாமப் போகலாம். ஒருமுறை டிஸ்கைப் பறிகொடுத்தவனுக்கு அந்த ரிஸ்க் வேண்டாம்னு தோணிச்சு.

மூணாவது, இதுக்குன்னே செஞ்சு விக்கிற நாஸ் பெட்டி. சைனாலஜி, க்யூநாப் மாதிரி. ரெண்டு டிஸ்க் போடற சின்ன மாடல்கள் இருக்கு. செட்டப் சுலபம், சத்தம் கம்மி, போன் ஆப் நல்லா இருக்கும். உங்க வீட்டுல இதை எல்லாம் நோண்ட யாருக்கும் நேரம் இல்லைன்னா, யோசிக்காம இதை வாங்குங்க. நான் பார்த்தப்போ டிஸ்க் இல்லாத வெறும் பெட்டியே இருபதாயிரத்துக்கு மேல இருந்தது. என் பட்ஜெட்ல அந்தக் காசு டிஸ்க்குக்கு வேணும்.

நாலாவது, செகண்ட் ஹேண்ட் மினி பிசி. நான் எடுத்தது இதைத்தான்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு மத்தியானம்

மினி பிசின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பேங்க், ஐடி கம்பெனி, ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல மானிட்டருக்குப் பின்னாடி ஒட்டி வெச்சிருப்பாங்களே, தடிப் புத்தகம் சைஸ்ல ஒரு பெட்டி, அதுதான். டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி, இப்படிப் பேர் இருக்கும். உள்ளே இருக்கிறது லேப்டாப் மாதிரி கம்மி கரண்ட்ல ஓடற பாகங்கள்.

இது ஏன் மலிவா கிடைக்குதுன்னு ஒரு காரணம் இருக்கு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துட்டு இருந்த சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11 போடணும்னா, இன்டெல்ல பொதுவா எட்டாவது தலைமுறையில இருந்துதான் அனுமதி. அதனால ஆறாவது, ஏழாவது தலைமுறை மெஷின்களை ஆபீஸ்கள் மொத்தமா கழிச்சுக் கட்டுது. மெஷின் நல்லாத்தான் இருக்கு, விண்டோஸ் 11 மட்டும்தான் அதை ஏத்துக்கலை. நமக்கு விண்டோஸே வேண்டாம். நாம லினக்ஸ் போடப்போறோம்.

நவம்பர்ல ஒரு சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். மாடியில ஒரு சின்னக் கடை, அம்பது மினி பிசி அடுக்கி வெச்சிருக்கார் ஒரு அண்ணன்.

"எதுக்கு சார்?"

"வீட்டுல ஃபைல் சர்வர் வைக்கண்ணா. எப்பவும் ஆன்ல இருக்கும்."

"அப்போ ஐ7 வேஸ்ட் சார். ஏழாவது ஜெனரேஷன் ஐ5, கடைசியில டி இருக்கிறது எடுத்துக்கோங்க. சூடு கம்மி."

அந்த 'டி' முக்கியம். அதே பேர்ல வர்ற சாதாரண ப்ராசசர் 65 வாட் வகை. டி போட்டது 35 வாட் வகை. அது உச்சபட்ச வேலையின்போது உள்ள அளவு. சும்மா இருக்கும்போது முழு மெஷினும் சேர்ந்து 10 வாட் பக்கம்தான் வரும். ஏழாவது தலைமுறைன்னு சொன்னதுலயும் ஒரு லாஜிக் இருக்கு. 10-பிட் எச்இவிசி வீடியோவைத் தனி வன்பொருள்லயே பிரிக்கிற வசதி இன்டெல்ல ஏழாவதுல இருந்துதான் முழுசா இருக்கு. பின்னாடி டிவிக்கு வீடியோ ஓட்டணும்னா அது உதவும்.

8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, அடாப்டரோட 10,500 ரூபாய். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி நான் பார்த்த விஷயங்களைச் சொல்றேன், குறிச்சுக்கோங்க.

பயாஸ் உள்ளே போய்ப் பார்க்கணும். ஆபீஸ்ல இருந்து வர்ற மெஷின்ல பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியிருப்பாங்க. அது இருந்தா நீங்க எதையும் மாத்த முடியாது. நான் முதல்ல எடுத்த மெஷின்ல பூட்டு இருந்தது. அண்ணன் முகம் சுளிக்காம வேற ஒண்ணு எடுத்துக் கொடுத்தார். அதே பயாஸ்ல, கரண்ட் போயிட்டு வந்தா தானா ஆன் ஆகணும்னு ஒரு செட்டிங் இருக்கும். அதைக் கடையிலேயே போட்டு, பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் செருகிப் பார்த்தேன். அப்புறம் அடாப்டர். டெல் மாதிரி சில மெஷின், தன்னோட அடாப்டரை அடையாளம் தெரியலைன்னா ப்ராசசர் வேகத்தைக் குறைச்சுக்கும். கடைசியா, பத்து நிமிஷம் ஓடவிட்டு ஃபேன் பக்கத்துல காதை வெச்சுக் கேட்கணும். கரகரன்னா வேண்டாம்.

கம்ப்யூட்டர் பழசா இருக்கலாம், டிஸ்க் கூடாது

ரிச்சி ஸ்ட்ரீட்ல அதே அண்ணன், "டிஸ்கும் இருக்கு சார், 4 டிபி, பாதி விலை"ன்னார். எடுத்துப் பார்த்தேன். டிஸ்குக்கு உள்ளேயே அது எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு ஒரு கணக்கு இருக்கும், ஸ்மார்ட் டேட்டான்னு பேர். இலவச மென்பொருள்லயே பார்க்கலாம். 41,000 மணி நேரம் காட்டிச்சு. ஒரு வருஷத்துக்கு 8,760 மணி. அப்போ நாலே முக்கால் வருஷம் நிக்காம ஓடின டிஸ்க். கம்ப்யூட்டர் செத்தா வேற வாங்கிக்கலாம், டிஸ்க் செத்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். புதுசு வாங்கினேன்.

இங்க ஒரு தப்பு பண்ண இருந்தேன். மினி பிசிக்குள்ளே இரண்டரை இஞ்ச் டிஸ்க் போட இடம் இருக்கும். 4 டிபி இரண்டரை இஞ்ச் டிஸ்க் ஆர்டர் போடப் போனேன். அந்த டிஸ்க் 15 மில்லிமீட்டர் தடிமன், உள்ளே இருக்கிற இடம் 7 மில்லிமீட்டருக்கானது. நுழையாது. அதனால மூன்றரை இஞ்ச் டிஸ்க் வாங்கி, வெளியே யூஎஸ்பி 3 பெட்டியில வெச்சேன். மூன்றரை இஞ்ச் டிஸ்குக்கு 12 வோல்ட் வேணும், யூஎஸ்பி கேபிள் அதைக் கொடுக்காது. அதனால தனி அடாப்டர் உள்ள பெட்டியா பார்த்து வாங்கணும்.

டிஸ்க் வாங்கும்போது சிஎம்ஆர், எஸ்எம்ஆர்னு ரெண்டு எழுத்துச் சுருக்கம் பார்ப்பீங்க. எஸ்எம்ஆர்ங்கிறது ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. ஒரு வரிசை ஓட்டு மேல அடுத்த வரிசை கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவுல ஒரு ஓட்டை மாத்தணும்னா மேல இருக்கிறதை எல்லாம் எடுத்து வெச்சுத்தான் மாத்தணும். அதே மாதிரி, ஏற்கெனவே எழுதின இடத்துல திரும்ப எழுதும்போது எஸ்எம்ஆர் டிஸ்க் ரொம்ப மெதுவாகும். எப்பவாவது காப்பி எடுத்து பீரோவுல வைக்கிற டிஸ்குக்கு அது போதும். தினமும் ஓடற சர்வருக்கு சிஎம்ஆர் வாங்குங்க. தயாரிப்பாளரோட விவரக் குறிப்புல இது போட்டிருக்கும்.

அந்த எட்டாவது ஒயர்

எல்லாம் மாட்டி, முதல் போல்டரைக் காப்பி பண்ணேன். நொடிக்கு 11 எம்பி. 110 வரணும், சரியா பத்துல ஒரு பங்கு வருது. மெஷின் பழசு, ஏமாந்துட்டோம்னு அன்னைக்கு ராத்திரி முழுக்க ஒரே புலம்பல்.

காலையில யோசிச்சேன். 11 எம்பின்னா அது 100 மெகாபிட் நெட்வொர்க்கோட வேகம். கேபிளுக்குள்ள எட்டு ஒயர் இருக்கும், நாலு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு ரெண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேணும். நான் பயன்படுத்தினது வீட்டுல கிடந்த பழைய கேபிள். முனையில ஒரு ஒயர் சரியா கிரிம்ப் ஆகலை. மெஷின் ரெண்டும் சத்தம் இல்லாம 100-க்கு இறங்கிக்கிச்சு. 150 ரூபாய்க்கு ஒரு கேட் 6 கேபிள், பிரச்னை தீர்ந்தது. இன்னொன்னு, உங்க ரவுட்டர் பின்னாடி இருக்கிற எல்லா போர்ட்டும் கிகாபிட்டான்னு பாருங்க. சிலதுல ஒண்ணே ஒண்ணுதான் கிகாபிட்.

உள்ளே என்ன ஓடுது

சாஃப்ட்வேர் சுருக்கமா சொல்றேன். ஓப்பன்மீடியாவால்ட் போட்டேன். டெபியன் லினக்ஸ் மேல ஓடற இலவச மென்பொருள். ஒருமுறை போட்டுட்டா, மானிட்டர் கீபோர்டு எல்லாம் கழட்டிடலாம். மிச்சத்தை பிரவுசர்லயே பார்த்துக்கலாம். விண்டோஸ், மேக், போன் எல்லாத்துக்கும் ஃபைலைக் காட்டறது சாம்பாங்கிற மென்பொருள். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்னு ஒருத்தர் ஆஸ்திரேலியாவுல 1990-களோட தொடக்கத்துல, படிச்சுட்டு இருந்தப்போ ஆரம்பிச்சது. இன்னைக்கும் வீட்டு சர்வர்னா பெரும்பாலும் அதுதான் உள்ளே ஓடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வெளியூர்ல இருந்து ஃபைல் பார்க்கணும்னு ஆசைப்பட்டு, சாம்பாவை நேரா இன்டர்நெட்டுக்குத் திறந்து விடாதீங்க. 2017 மே மாசம் உலகம் பூரா பரவின வான்னாக்ரை, இந்த ஃபைல் பகிரும் நெறிமுறையோட பழைய வடிவத்துல இருந்த ஓட்டை வழியாத்தான் மெஷினுக்கு மெஷின் தாவிச்சு. அந்தப் பழைய வடிவம் கேட்கிற டிவியோ ப்ரின்டரோ இருந்தாலும் ஆன் பண்ணாதீங்க. வெளியே இருந்து வேணும்னா வயர்கார்டு, டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் வழியா வாங்க.

ரெண்டு டிஸ்க் இருந்தா போதுமா?

இந்த இடத்துல நிறைய பேர் "ரெய்டு போட்டுட்டா சேஃப்தானே"ன்னு கேட்பீங்க. ரெண்டு டிஸ்க்ல ஒரே சமயத்துல எழுதறது. ஒண்ணு செத்தா இன்னொன்னு இருக்கும். நல்ல விஷயம்தான். ஆனா நீங்க தப்பா ஒரு போல்டரை அழிச்சா, ரெண்டு டிஸ்க்லயும் அதே நொடியில அழியும். வைரஸ் வந்தா ரெண்டுலயும் வரும். வீட்டுக்குள்ள தண்ணி வந்தா ரெண்டும் நனையும். 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் சென்னையில தரைத்தளத்துல இருந்தவங்களுக்கு மறக்காது. ரெய்டு, வேலை தடைபடாம இருக்க உதவும். அது பேக்கப் இல்லை.

பீட்டர் க்ரோன்னு ஒரு அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலப்படுத்தின ஒரு கணக்கு இருக்கு: 3-2-1. மூணு பிரதி, ரெண்டு வேற வேற வகை சாதனத்துல, ஒண்ணு வேற இடத்துல. நான் ரெண்டாவது உள் டிஸ்குக்குக் காசு போடாம, ரெண்டு 2 டிபி போர்ட்டபிள் டிஸ்க் வாங்கினேன். ஒண்ணு எங்க வீட்டு பீரோவுல, மாசத்துக்கு ஒருமுறை எடுத்துச் செருகுவேன், வேலை முடிஞ்சதும் கழட்டி உள்ளே வெச்சிடுவேன். கழட்டி வெச்சிருக்கிறதை எந்த வைரஸும் தொட முடியாது. இன்னொன்னு திருச்சியில அக்கா வீட்டுல. தீபாவளி, பொங்கல், சித்திரை லீவுன்னு போகும்போதெல்லாம் ரெண்டையும் மாத்திக்குவேன். அக்கா முதல்ல, "ஏன்டா, இது என்ன பாம் மாதிரி கொண்டு வந்து கொடுக்கிற"ன்னா. இப்போ அவ வீட்டுப் படங்களும் எங்கிட்ட ஒரு காப்பி இருக்கு.

பேக்கப்புக்கு ரெஸ்டிக்னு ஒரு மென்பொருள். போன மாசம் இருந்த நிலையையும் தனியா வெச்சிருக்கும், பூட்டு போட்டும் வைக்கும். பாஸ்வேர்ட் மறந்தா எல்லாம் போச்சு. அதனால அதை அம்மாவோட மளிகைக் கணக்கு நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதி வெச்சிருக்கேன். சிரிக்காதீங்க, வீட்டுல தொலையாத ஒரே நோட்டு அதுதான்.

பொங்கலுக்குத் திருச்சி போனப்போ இன்னொரு வேலையும் பண்ணேன். அக்கா டிஸ்க்ல இருந்து ஏதோ இருபது படத்தை என் லேப்டாப்ல திரும்ப எடுத்துப் பார்த்தேன். இருபதும் திறந்தது. திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப், பேக்கப்புன்னு நம்பிட்டு இருக்கிற ஒரு டப்பா. அவ்வளவுதான்.

மொத்தம் எவ்வளவு?

கம்ப்யூட்டர் 10,500. 4 டிபி டிஸ்க் சுமார் 10,000. பெட்டி 2,000. ரெண்டு போர்ட்டபிள் 13,000. சின்ன யுபிஎஸ் 3,000. கூட்டினா 38,500. கவனிச்சீங்களா, கம்ப்யூட்டர் இதுல கால்வாசியைக் கொஞ்சம் தாண்டுது. அவ்வளவுதான். நான் ரெண்டு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டது அந்தக் கால்வாசிக்காக. ரெகவரிக்குக் கொடுத்தது 42,000. அதுக்குக் கிடைச்சது பேர் இல்லாத 2,600 ஃபைல்.

இவ்வளவு காசு இல்லைன்னா, பேட்டரி நல்லா இருக்கிற பழைய லேப்டாப், ரெண்டு போர்ட்டபிள் டிஸ்க். ஒண்ணு வீட்டுல, ஒண்ணு சொந்தக்காரங்க வீட்டுல. அதுலயே ஆரம்பிக்கலாம். சர்வரைக்கூட அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். ரெண்டாவது பிரதியை மட்டும் இந்த வாரமே எடுங்க.

அந்த 900 படத்தைத் திரும்ப ஸ்கேன் பண்ணிட்டு இருக்கேன். ஞாயிற்றுக்கிழமை நாற்பது. இப்போ முந்நூறைத் தாண்டியாச்சு. அந்தக் கும்பகோணத்து அக்காவோட கல்யாணப் படம் இதுல வராது, அது அறுநூறுல போனது. ஆனா போன வாரம் ஒரு ஃபிரேம் வந்தது. அதே மண்டபம், அதே மாலை, பந்தி பரிமாறுறவங்களுக்கு நடுவுல பொண்ணும் மாப்பிள்ளையும் இலை முன்னாடி உட்கார்ந்து சிரிக்கிறாங்க. வேற ரோல்ல மாட்டியிருக்கு. அவங்களுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை என்ன நடந்ததுன்னும் சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "இதுல அப்பா முகம் தெளிவா இருக்கு தம்பி"ன்னு பதில் வந்தது.

போன ஞாயிறு அம்மா கேட்டாங்க, "இப்போதான் மூணு இடத்துல வெச்சிருக்கியே, இந்தப் பெட்டியையாவது எடுத்துப் போட்டுடலாமா?"

"வேண்டாம்மா. பரண்லயே இருக்கட்டும்"னேன்.

அவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுல ஒரே ஒரு இடத்துல மட்டும் இருக்கிற ஃபைல் எதுன்னு இன்னைக்கு ராத்திரி யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.